தூசி இல்லாத அறை

எங்கள் அத்தானுக்குத் தூசி ஆகாது. மூக்கை உறுத்தும் என்பதற்காக இல்லை, பாதரசத்துக்கு ஆகாது என்பதற்காக. கிளினிக்குகளில் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்து ரத்த அழுத்தம் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாயில் வெள்ளிக்கோடு ஏறி இறங்கும் அந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பதுதான் அவர் தொழில். என் மூத்த அக்காவின் வீட்டுக்காரர். தெருவில் பாதரசக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும்.

வீட்டின் பின்பக்க அறைதான் பட்டறை. அதில் இருந்த ஒரே ஜன்னலையும் பழைய போர்வையும் ஒட்டு நாடாவும் வைத்து அடைத்திருந்தார். மின்விசிறியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். விசிறி சுற்றினால் தூசி பறக்கும், தூசி விழுந்தால் பாதரசத்தின் மேல் சாம்பல் ஆடை படரும், அப்புறம் குழாயில் கோடு திக்கித் திக்கித்தான் ஏறும். தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஊசியால் துளை போட்டு, பாதரசத்தை அதில் ஊற்றுவார். அழுக்கு தாளில் தங்கிவிடும். சுத்தமானது நூல் மாதிரி கீழே இறங்கும். பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுத் தட்டைச் சாய்ப்பார். சொட்டு உருண்டையாகவே ஓடினால் தேறிவிட்டது. வால் விட்டுக்கொண்டு ஓடினால் மறுபடியும் கூம்பு.

“பாத்தியா மாப்ளே, வாலே இல்ல. இதை எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் தலை நிமிந்து குடுக்கலாம்.”

மேசையின் மேல் விரலைத் தேய்த்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார். உண்மைதான், ஒரு பொட்டுத் தூசி இருக்காது. அந்த வீட்டிலேயே சுத்தமான அறை அதுதான் என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. காட்டிலும் மாட்டிலும் பாடுபட்ட குடும்பத்திலிருந்து வந்து உயிர்வேதியியல் படித்துப் பட்டம் வாங்கினேன். விண்ணப்பம் போடப் போன அன்று ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனவர் அத்தான். படித்து முடித்து ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்ததும் என் பெயரையே மறந்துவிட்டார். “டிகிரி வந்தாச்சா? டிகிரிக்கு டீ போடு” என்றுதான் பேச்சு. டாக்டர்களிடம் மெஷினை ஒப்படைக்கும்போது, கேட்காமலேயே, “என் மச்சினன் லேப்ல இருக்கான் சார், ரத்தத்துல என்ன இருக்குன்னு பாத்தே சொல்லிடுவான்” என்பார். அந்த வாய்க்காகவே பல கிளினிக்குகளில் அவருக்கு டீயும் நாற்காலியும் கிடைக்கும்.

அந்த வாய்தான் அடைத்துப்போனது.

பாதரசம் இல்லாத புது மெஷின்கள் வந்த சமயம் அது. கிளினிக்குகள் பழைய பெட்டிகளைத் தூக்கிப்போட ஆரம்பித்தன. எதற்கு வீணாக வேண்டும் என்று அத்தான் அத்தனையையும் வாங்கிவந்து, பாதரசத்தை இறக்கிக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து அலமாரியில் அடுக்கினார். முன்னால் ஒரு பாட்டில் இருந்த இடத்தில் ஒரு வரிசையே நின்றது. இறக்கும்போது சிந்தியதை அட்டையால் கூட்டி அள்ளினார். அள்ள முடியாதது தரை இடுக்கில் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குத் தூக்கம் போனது. பிறகு ஈறு வீங்கியது. வாயில் எந்நேரமும் பழைய சாவியைச் சப்பின மாதிரி ஒரு ருசி என்றார். கிளினிக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரட்டை அடித்தவர், மெஷின்களை அக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வாசலில் ஆள் சத்தம் கேட்டால் பட்டறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். டம்ளரை எடுத்தால் டீ தளும்பியது. சட்டைப் பித்தானை அக்காதான் போட்டுவிட வேண்டியிருந்தது. அதற்கும் கோபம்.

“காலைலயே ஊத்திக்கிட்டாரா உங்க வீட்டுக்காரர்? கை டான்ஸ் ஆடுது” என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சிரித்தார்.

அக்காவுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அவர் அசந்த நேரத்தில் வாயருகே மோந்து பார்ப்பாள். அலமாரியைக் குடைவாள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்கூடத் தேடினாள்.

“எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? சொல்லிடுங்க, சண்டை போட மாட்டேன்.”

“சண்டை போட மாட்டேன்னு சொல்றதே சண்டை போடத்தானே? குடிக்கல! குடிக்கல! இன்னும் எத்தனை தடவ சொல்றது?” கையிலிருந்த டம்ளரைச் சுவரில் அடித்தார். அதைச் செய்த கையை அவரே திகைத்துப்போய்ப் பார்த்தாராம். அக்கா என்னிடம் போனில் சொன்னபோது டம்ளரைப் பற்றி அழவில்லை. அந்தப் பார்வையைச் சொல்லித்தான் அழுதாள்.

நான் என்ன நினைத்தேன் என்றால், வயசு, சர்க்கரை, நரம்புத் தளர்ச்சி. சர்க்கரையும் தைராய்டும் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு அத்தான் சுருக்கமாக “மெக்கானிக்” என்றார். டாக்டரும் அதற்கு மேல் தோண்டவில்லை.

இந்த நிலையில்தான் அவர்கள் ஒரே மகள் வந்து சேர்ந்தாள். நாங்கள் குட்டி என்று கூப்பிடுவோம். எனக்கு அக்கா மகள் என்றாலும் வயதில் கொஞ்சம்தான் சின்னவள், வாயில் பெரியவள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, திரும்பி வர மாதக்கணக்காகும். அவளுக்கு வயிற்றில் ஏழாவது மாதம். படுக்கையில் ஓய்வாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்னறையில் தெருப்புழுதி. மாடி கிடையாது. அத்தான் யோசிக்கவே இல்லை. தன் மேசையைப் பட்டறையின் ஒரு மூலைக்கு நகர்த்தி, மறுபக்கம் கட்டில் போட்டார். “என் பேரப்புள்ளைக்குத் தூசி கிடையாது, கொசு கிடையாது, சத்தம் கிடையாது” என்று பல நாளைக்கப்புறம் அவர் சிரித்துப் பேசியதாக அக்கா சந்தோஷமாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நல்ல வெயில். அறைக்குள் காற்றே இல்லை. குட்டி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அத்தான் ஒரு குழாயில் பாதரசம் நிரப்பிக்கொண்டிருந்தார். நிரப்ப முடியவில்லை. கை ஆட ஆட, சொட்டுகள் குழாய் வாயில் பட்டுத் தெறித்து மேசையில் ஓடின, மேசையிலிருந்து தரைக்கு, தரையில் கட்டிலுக்கு அடியில். என்னைப் பார்த்ததும் பாட்டிலை மறைத்துக்கொண்டு தலை குனிந்தார். முப்பது வருஷமாக ஊரெல்லாம் பேசித் திரிந்த மனிதர், மச்சினனைப் பார்த்துக் கூச்சப்பட்டார்.

நடுக்கம். தூக்கமின்மை. ஈறு வீக்கம். காரணமில்லாத கோபம். ஆளைக் கண்டால் கூச்சம். பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் அப்படியே என் கண்முன் விரிந்தது. பழைய காலத்தில் பாதரசம் தடவித் தொப்பி செய்த தொழிலாளர்களுக்கு வந்ததாகப் படித்த நோய். அந்த ஐந்தும் என் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தன. அப்போது எனக்குப் பயம் அத்தானைப் பார்த்து வரவில்லை, கட்டிலைப் பார்த்து வந்தது.

“குட்டி, எந்திரி. வெளிய வா.”

“என்ன மாமா, இப்பத்தான் கண்ணசந்தேன்.”

“வெளிய வான்னு சொல்றேன்ல!”

என் குரலே எனக்கு அன்னியமாக இருந்தது. அக்கா ஓடி வந்தாள். முன்னறையில் எல்லோரையும் உட்கார வைத்தேன். சொன்னேன். அத்தான் முதலில் சிரித்தார்.

“முப்பது வருஷமா உள்ளங்கைல உருட்டுறேன். ஒரு தடவ முழுங்கியே இருக்கேன், அப்படியே வெளிய வந்துடுச்சு.”

“தொட்டா பெருசா ஒண்ணும் இல்லதான் அத்தான். முழுங்கினாகூட முக்காவாசி வெளிய போயிடும். நீங்க சொல்றது சரி. ஆனா இது ஆவியாகும். மூச்சுல போகும்.”

“ஆவியா? அடுப்புல வச்சா ஆகும். நான் என்ன சமையலா பண்றேன்?”

“அடுப்பே வேணாம். சும்மா கிடந்தாலே ஆகும். வெக்கையில இன்னும் அதிகமா ஆகும். கண்ணுக்குத் தெரியாது, வாசனை வராது.”

“கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அப்ப உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? டிகிரி குடுத்தப்ப தனியா ஒரு மூக்கு குடுத்தாங்களா?”

குட்டி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அத்தான், மூளைக்குள்ள கோடிக்கணக்குல வேலையாளுங்க இருக்காங்கன்னு வச்சுக்கங்க. பேரு என்சைம். ஒரு நரம்பு இன்னொரு நரம்புகிட்ட பேசுறது, கை நேரா நிக்கறது, கோபம் வந்தா அடங்கறது, எல்லாம் அவங்க பாக்குற வேலை. அதுல நிறைய பேர் கையில ஒரு கந்தகக் கொக்கி இருக்கும். பாதரசத்துக்குக் கந்தகம்னா உசுரு. போயி அந்தக் கொக்கிய இறுக்கிப் புடிச்சுக்கும். அப்புறம் ஆள் இருப்பான், வேலை நடக்காது.”

“நம்ம வீட்லயும் ஒருத்தர் அப்படித்தான் இருக்கார்” என்றாள் அக்கா. சொன்ன வேகத்திலேயே அவள் கண் கலங்கியது. குடிக்கவில்லை என்று அவர் அத்தனை முறை கத்தியது அவளுக்கு அந்த நொடிதான் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“சரி, புடிச்சுக்கிட்டா என்ன? ரெண்டு நாள் விட்டா வெளிய போயிடுமில்ல?” அத்தான் விடவில்லை.

“அங்கதான் சிக்கல். மூச்சு வழியா போன பாதரசம் மூளைக்குள்ள சுலபமா நுழைஞ்சிடும். அங்க இருக்கற ஒரு என்சைமே, நல்லது செய்யற மாதிரி, அதை வேற வடிவமா மாத்திடும். மாறினப்புறம் வந்த வாசல் வழியா அதால திரும்பிப் போக முடியாது. வருஷக்கணக்குல தங்கும்.”

அத்தான் சிரிப்பதை நிறுத்தினார். குட்டி இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

“உள்ள இருக்கறதுக்கும் போகுமா மாமா?”

போகாது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. “போகும்” என்றேன்.

அவள் உடனே எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். செருப்பைக்கூடப் போடவில்லை. அத்தான் பட்டறைக் கட்டிலில் கிடந்ததை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், “இந்தாம்மா, தலகாணி” என்று நீட்ட, நான் அதைப் பிடுங்கித் திரும்பப் பட்டறைக்குள் எறிந்தேன். என் வாழ்க்கையில் அவர் கையிலிருந்து எதையும் அப்படிப் பிடுங்கியதில்லை.

அன்றைக்கே குட்டியும் அக்காவும் என் வாடகை அறைக்கு வந்தார்கள், வேறு துணி உடுத்திக்கொண்டு. நான் சகாவின் அறைக்குப் போனேன். அத்தான் வீட்டின் முன்னறையில், எல்லாக் கதவையும் திறந்துபோட்டுத் தனியாக இருந்தார். என்னோடு வாருங்கள் என்றதற்கு, “என் துணி, என் தலமுடி எல்லாத்துலயும் இருக்கும்னு நீதானே சொன்னே” என்று மறுத்துவிட்டார்.

பாதரசத்தை அளக்கச் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். அந்தக் கருவி எங்கள் லேபில் கிடையாது, வேறு ஊரிலுள்ள பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். இருவருக்கும் டப்பா கொடுத்தேன். அத்தானே மகளுடையதையும் வாங்கிக்கொண்டு, நான் இல்லாத நேரத்தில் வந்து கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கவுண்டர் பெண் லேபிள் ஒட்டி அனுப்பிவிட்டார்.

காத்திருந்த அந்த நாட்களை எப்படி எழுதுவது? போன் மணி அடித்தால் பாய்ந்து எடுப்பேன். அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். குட்டி குழந்தை உதைப்பதை எண்ண ஆரம்பித்தாள். “இன்னிக்கு சரியா உதைக்கல” என்பாள். “தூங்குதுடி” என்பாள் அக்கா. சிறிது நேரத்தில் இருவரும் அவள் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

முடிவு மதிய நேரத்தில் என் போனுக்கு வந்தது. அத்தானுடைய அளவு பயங்கரமாக ஏறியிருந்தது. அதை எதிர்பார்த்தேன். மகளுடைய அளவு அதைவிட அதிகம்.

கையிலிருந்த பைப்பெட் குழாயைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். முப்பது வருஷம் மூச்சிழுத்தவரை விடச் சில நாள் படுத்தவளுக்கு எப்படி அதிகமாகும் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. பட்டம், படிப்பு எல்லாம் அந்த எண்ணுக்கு முன்னால் ஓடி ஒளிந்துகொண்டன. சாயங்காலம் அறைக்குப் போனபோது குட்டி என் முகத்தையே பார்த்தாள்.

“வந்துடுச்சா மாமா?”

“இன்னும் வரல.”

“உங்களுக்குப் பொய் சொல்லவே வராது. படிச்சும் பிரயோஜனம் இல்ல.”

அப்போது வாசலில் அத்தான் குரல். உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே கேட்டார்:

“மாப்ளே, ரிசல்ட் லேட் ஆவுதேன்னு பாத்தேன். வேணும்னா இன்னொரு தடவ எடுத்துக்கங்க. ரெண்டு பேருக்கும் பாட்டில் கழுவிக் கொண்டாந்திருக்கேன்.”

அவர் கையில் இரண்டு கண்ணாடி பாட்டில்கள். பளபளவென்று மின்னின.

“எந்த பாட்டில் அத்தான் அது?”

“நம்ம பாட்டில்தான். போன தடவையும் இதுலதான் மாத்திக் குடுத்தேன். நீ குடுத்த பிளாஸ்டிக் டப்பாவத் திறந்து பாத்தா உள்ள தூசி. அதுல போயா குடுக்கறது? சோப்பு போட்டு, வெந்நீர் ஊத்தி, மூணு தண்ணி விட்டுக் கழுவினது இது. வெளிச்சத்துல வச்சுப் பாரு, ஒரு பொட்டு இருக்காது.”

அலமாரி வரிசையிலிருந்த பாட்டில்கள். பாதரசம் குடியிருந்த பாட்டில்கள். சோப்புக்கும் வெந்நீருக்கும் அசையாமல் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை, பெரிய லேபில் சேர்க்கும் அமிலம் வழித்து எடுத்திருக்கிறது. எந்த பாட்டிலில் அதிகம் ஒட்டியிருந்ததோ அது மகளுக்கு வாய்த்திருக்கிறது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் என்று தெரியவில்லை.

“அத்தான், உங்க சுத்தத்துக்கு ஒரு கும்பிடு! அதைக் கீழ வைங்க. தயவு செஞ்சு கீழ வைங்க.”

விவரம் சொன்னதும் அவர் பாட்டில்களைத் தரையில் வைத்துவிட்டு, கையைத் துடைக்க இடம் தெரியாமல் நின்றார். “அப்ப நான் சுத்தம்னு நினைச்சது எதுவுமே சுத்தமில்லையா?” என்றார்.

ஆனால் பயம் போய்விடவில்லை. முதல் எண் பொய் என்றுதான் தெரிந்ததே தவிர, உண்மை எண் என்னவென்று யாருக்கும் தெரியாது. மறுபடி டப்பா, மறுபடி கூரியர். இந்த முறை மூடி போடும் வரை நானே பக்கத்தில் நின்றேன். லேப் தலைமை மேடம், “உன் வீட்டு சாம்பிளுக்கு ஒரு போலீஸ்காரரையும் கூட அனுப்பிடு” என்று கேலி செய்தார்.

இரண்டாவது முடிவில் அத்தானுடைய அளவு, வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்லும் வரம்பைத் தாண்டியே இருந்தது. குட்டியுடையது மற்றவர்களுக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கூட, டாக்டர் பயந்த இடத்துக்கு நிறையவே கீழே. “விலகி இருந்தா தானா குறையும். ஸ்கேன்ல குழந்தை நல்லா இருக்கு” என்றார் டாக்டர். மூளை எப்படி இருக்கும் என்று குட்டி கேட்டதற்கு, “அதெல்லாம் வளர வளரத்தான்மா தெரியும். பயப்படற மாதிரி எதுவும் இல்ல” என்றார். வளர வளரத்தான் தெரியும் என்ற முதல் வாக்கியம் ஒன்றுதான் எங்கள் எல்லோருக்கும் காதில் விழுந்தது.

அபாயக் கழிவு எடுக்கும் ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து அலமாரியைக் காலி செய்தார்கள். தரையைப் பெயர்த்தபோது, இடுக்கெல்லாம் வெள்ளி மணிகள். அத்தானுக்குப் பாதரசத்தை வெளியேற்றும் மாத்திரைகள் தொடங்கின. உடம்பு புது என்சைம்களைச் செய்துகொண்டேதான் இருக்கும், கொக்கி அடைபட்டவை போய்ப் புதியவை வரும், ஆனால் மூளையில் தங்கியது மெல்லத்தான் இறங்கும் என்று அவருக்குச் சொன்னேன். கோபம் முதலில் போனது. தூக்கம் வந்தது. தையல்காரம்மாவிடம், “என்ன மேடம், டான்ஸ் கிளாஸ் நின்னுடுச்சு, ஃபீஸ் திருப்பித் தருவாங்களா?” என்று அவர் கேட்ட அன்று, பழைய மனிதர் பாதியாவது திரும்பிவிட்டார் என்று அக்கா நம்பினாள். கை மட்டும் முழுதாக அடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அத்தான் புதுச் சட்டை, புது வேட்டி, புதுச் செருப்போடு வந்து வராந்தாவிலேயே நின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும் என்றார்.

“அப்பா, உள்ள வாங்க” என்றாள் குட்டி.

“வேணாம்மா. நான் இங்கேயே…”

“மாமா தொடலாம்னு சொல்லியாச்சு. வாங்கப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். உள்ளே வந்தவர், கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, சுவரோரம் வெறுந்தரையில் காலை மடக்கி உட்கார்ந்தார். மடியைச் சேர்த்துக்கொண்டார்.

“ஏங்க, அங்க போயி ஏன் உக்காந்துட்டீங்க?” என்றாள் அக்கா.

“கை ஆடினா விழாதுல்ல.”

நர்ஸ் குனிந்து குழந்தையை அவர் மடியில் வைத்தார். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீறிட்டு அழுதது. அழும்போது தாடையும் கையும் கிடுகிடுவென்று நடுங்கின. அத்தான் நர்ஸின் பக்கம் திரும்பினார்.

“சிஸ்டர்… இது… கை…”

“பொறந்த குழந்தைங்க எல்லாத்துக்கும் அப்படித்தாங்க. குளிருக்கும் அழுகைக்கும் ஆடும். இப்படிக் கையைப் புடிச்சுக்கங்க, நின்னுடும்.”

அவர் தன் விரலை நீட்டினார். குழந்தை அதைப் பற்றிக்கொண்டது. இரண்டு கைகளும் சேர்ந்து சிறிது நேரம் ஆடின. பிறகு குழந்தையின் கை நின்றது. அவர் நிமிரவில்லை. நர்ஸ் சொன்னது மற்ற குழந்தைகளுக்கு மட்டுமா, இந்தக் குழந்தைக்கும் சேர்த்தா என்று, என்னிடம் கேட்டார்.